கணிப்பொறிக்கு மொழி தந்த மங்கை

ஆயிரக்கணக்கான பெயர்களும் தொகைகளும் அடங்கிய பட்டியலைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் படித்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தி, புதிய பட்டியலாக எழுதித் தருவதைக் கண்டு நாம் வியக்கிறோம். இந்த வேலையைச் செய்யுமாறு மனிதர் பேசும் சொற்களாலேயே கணிப்பொறிக்குக் கட்டளையிடலாம் என்று துணிந்து சொன்னவர் ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே எதையும் ஆராய்ந்து பார்க்கும் ஆவல் அவரிடம் மிகுந்திருந்தது. அலாரக் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று அறிய ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியாமல் அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. அன்னையாரோ, இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கட்டுப்பாடு விதித்தாராம்.

பதினாறாம் வயதில் வாஸர் கல்லூரியில் சேர விரும்பினார். இலத்தீன் மொழியில் மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் படித்து மறு ஆண்டே சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். தாம் படித்த வாஸர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்டுக்குத் தொண்டு செய்ய விரும்பிய அம்மையார் கடற்படையில் சேர முயன்றார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்று மறுத்தார்கள். விடாது முயன்று, தனி அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட அந்தப் பொறிக்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுத் தர வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தவறிப்போகும்.

அங்கே அம்மையார் ஒன்றைக் கவனித்தார். ஒரு கணக்குக்கு எழுதிய கட்டளைகள் மற்றொரு கணக்குக்கும் பயன்படும்போது, அவற்றை ஒருவர் ஏட்டிலிருந்து மற்றவர் கையால் பார்த்தெழுதினார்கள். அப்படி எழுதும்போது எண்களில் பிழைகள் புகுந்தன. பார்த்தெழுதுவதும் கூட்டுவதும் மனிதர் பிழை செய்யும் வேலைகள். பொறியோ அவற்றைப் பிழையின்றிச் செய்யும். அப்படியானால் அந்த வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன என்று சிந்தித்தார்.

1949இல் பிலடெல்பியா நகரில் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிக் கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்தார். 1952இல் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். நாம் சுருக்கமாகத் தரும் குறிகளைப் படித்து, அவற்றுக்குரிய கட்டளைகளை நாடாவிலிருந்து தேடி எடுத்து, முழுமையான கட்டளைத் தொடராகத் தானே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு அது. கணிப்பொறி கணக்கு மட்டுமே போடும் என்று எண்ணியிருந்த பலர் இதை முதலில் நம்பவில்லை.

அம்மையாரின் எண்ணம் அதோடு நிற்கவில்லை. அலுவலகங்களில் பட்டியல்களைக் கையாள்வோர் எல்லாரும் கணித மேதைகள் அல்லர். அவர்கள் குறிகளைக் கற்பதைவிட, பொறி அவர்களுடைய சொற்களைக் கற்பதே முறை என்று வாதாடினார். ஆங்கிலம் கணிப்பொறிக்குப் புரியாது என்று மேலதிகாரிகள் மறுத்தனர். அம்மையார் செய்து காட்டினார். அதே கட்டளைகளைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும்கூட அமைத்துக் காட்டினார். பொறிக்கு எழுத்துகள் வெறும் அடையாளங்களே. எந்த மொழியானாலும் ஒன்றுதான் என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பொறி அயல்மொழி அறிவதா என்று அதிகாரிகள் திகைத்ததால், ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக உறுதி கூற வேண்டியதாயிற்று!

இவ்வாறு பிறந்தது ஃப்ளோமேட்டிக் என்னும் கணிப்பொறி மொழி. அதன் வேலையை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு நாடாவில் கையிருப்புப் பட்டியலும், மற்றொன்றில் விலைப் பட்டியலும் பொருள் எண்களின் வரிசைப்படி உள்ளன. பொறி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பதிவைப் படிக்கும்; எண்களை ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் பொருளையும் விலையையும் சேர்த்து மூன்றாவது பட்டியலில் எழுதும். விலையில்லாத பொருளை நான்காவது பட்டியலில் ஒதுக்கும். நாடா முடியும்வரை இப்படியே தொடரும். படி, ஒப்பிடு, மாற்று, எழுது என்ற எளிய கட்டளைகளே இதற்குப் போதும்.

1959இல் அரசும் கணிப்பொறி நிறுவனங்களும் கூடி, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான ஒரு மொழியை அமைக்கத் திட்டமிட்டன. அதுவே கோபால். அதை வகுத்தது ஒரு குழு; ஜீன் சாமெட் போன்ற பெண்மணிகளும் அதில் உழைத்தனர். அம்மையார் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோமேட்டிக் அதற்கு அடிப்படையாக அமைந்தது. பட்டியலின் அமைப்பை ஒரு பகுதியிலும், செய்ய வேண்டிய வேலையை மற்றொரு பகுதியிலும் தனித்தனியே எழுதுவது கோபாலின் சிறப்பு. 1960 டிசம்பரில் ஒரே கட்டளைத் தொடர் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் இயங்கிக் காட்டியது. இன்றும் பல வங்கிகளின் கணக்குகள் கோபாலில் இயங்குகின்றன.

அம்மையார் 1966இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அவரின்றி வேலை நடக்காது என்று மறு ஆண்டே மீண்டும் அழைத்தார்கள். ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவி அடைந்து, 1986இல் தமது 79ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். 2016இல் அமெரிக்க அரசு அவருக்கு மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அளித்துச் சிறப்பித்தது.

அன்புத் தோழியரே! இலத்தீனில் இடம் இழந்த மாணவிதான் இயந்திரத்துக்கு மொழி கற்பித்தார். கற்றவர்க்கு மட்டும் திறந்திருந்த கதவை எல்லார்க்கும் திறந்துவிட்டதே அவர் செய்த பெருந்தொண்டு. பிரெஞ்சையும் ஜெர்மனையும் ஏற்ற பொறி நம் தமிழையும் ஏற்கும் அன்றோ? இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காமல், நாம் கற்பதைப் பிறர்க்கும் எளிதாக்கும் பெண்களாக வளர்வோமாக!