பிரான்சிஸ் பெர்க்கின்ஸ்

பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் (ஏப்ரல் 10, 1880 – மே 14, 1965) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதியும் அரசியலாளரும் ஆவார். 1933 முதல் 1945 வரை அந்நாட்டின் தொழிலாளர் துறைச் செயலாளராக (அமைச்சருக்கு நிகரான பதவி) விளங்கினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் இவரே. தொழிற்சாலைத் தீப்பாதுகாப்புக் குறித்து இவர் மேற்கொண்ட கள ஆய்வுகள் இவரது பொதுவாழ்வுக்கு அடித்தளமாக அமைந்தன.

இளமையும் கல்வியும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் வேதியியலை முதன்மைப் பாடமாகக் கற்று 1902 இல் பட்டம் பெற்றார். அங்கு பொருளியல் வரலாற்று வகுப்பின் பகுதியாக ஆலைகளை நேரில் பார்வையிட்டமை, தொழிலாளர் நிலை குறித்த ஆர்வத்தை இவரிடம் தூண்டியது. ஆசிரியராகச் சில காலம் பணியாற்றியபின், 1910 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நியூயார்க் நுகர்வோர் கழகத்தின் செயலாளரானார்.

டிரையாங்கிள் ஆலைத் தீ

1911 மார்ச் 25 அன்று, நியூயார்க்கில் பெண்களுக்கான மேற்சட்டைகளைத் தைத்துவந்த டிரையாங்கிள் ஆலையில் தீப்பற்றியது. அருகில் நண்பர் வீட்டுக்கு வந்திருந்த பெர்க்கின்ஸ், தொழிலாளர்கள் சன்னல்களிலிருந்து குதித்து மடிவதை நேரில் கண்டார். 146 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

10 தளக் கட்டடத்தின் மேல் 3 தளங்களில் ஆலை இயங்கியது. தீயணைப்புப் படையின் ஏணிகள் 6 ஆம் தளம் வரையே எட்டின. 9 ஆம் தளத்தில் ஒரு வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. கட்டடமோ தீயைத் தாங்கி நின்றது; பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. எரியாத கட்டடம் மட்டும் உள்ளிருப்போரைக் காக்காது என்பதை இவ்விபத்து உணர்த்தியது. ஆலை உரிமையாளர்கள் அவ்வாண்டு டிசம்பரில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

தீப்பாதுகாப்பு ஆய்வுகள்

விபத்தையடுத்துத் தோன்றிய நியூயார்க் நகரப் பாதுகாப்புக் குழுவின் நிர்வாகச் செயலாளராகப் பெர்க்கின்ஸ் பொறுப்பேற்றார். 1911 இல் மாநில அரசு அமைத்த தொழிற்சாலை விசாரணை ஆணையத்திற்கு ராபர்ட் வாக்னர் தலைவராகவும் ஆல் ஸ்மித் துணைத்தலைவராகவும் இருந்தனர். பெர்க்கின்ஸ் ஆணையத்தின் முன் சாட்சியமளித்ததோடு, உறுப்பினர்களை ஆலைகளுக்கும் அழைத்துச் சென்றார். ஓர் ஆலையில், தீயிலிருந்து தப்பும் வழி எனக் காட்டப்பட்ட சிறு துளையினூடாக வாக்னரைத் தவழ்ந்து செல்ல வைத்தார். வெளியே இருந்த பனி உறைந்த ஏணி தரையை எட்டாமலே முடிந்திருந்தது.

ஆணையத்தின் பணியால் நியூயார்க்கில் 30 இற்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. அவற்றின் முக்கிய தீப்பாதுகாப்பு விதிகள்:

* வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டலாகாது.
* தீ ஒத்திகை நடத்தப்பட வேண்டும்.
* உயர்ந்த ஆலைக் கட்டடங்களில் தானியங்கி நீர்தெளிப்பான்கள் வேண்டும்.
* எரியக்கூடிய கழிவுகளை முறையாக அகற்ற வேண்டும்.
* ஒரு தளத்தில் பணிபுரிவோர் எண்ணிக்கை, வெளியேறும் வழிகளின் கொள்ளளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

அரசுப் பணி

இவரது பணியை ஆணையத்தில் அறிந்திருந்த ஆல் ஸ்மித், ஆளுநரானபின் 1919 இல் இவரை மாநிலத் தொழில் ஆணையத்தில் நியமித்தார். 1929 இல் ஆளுநர் பிராங்க்ளின் ரூசவெல்ட் இவரை மாநிலத் தொழில் ஆணையராக்கினார். ரூசவெல்ட் குடியரசுத் தலைவரானதும் இவர் அமைச்சரவையில் இடம்பெற்றார். சமூகப் பாதுகாப்புச் சட்டம் (1935), நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் (1938) ஆகியவற்றின் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றினார்.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1965 இல் நியூயார்க்கில் காலமானார். வாசிங்டனிலுள்ள தொழிலாளர் துறைத் தலைமையகத்திற்கு 1980 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.