டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் – நாம் மறந்துபோன ஒரு மேதை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டதும் எனக்குத் தயக்கம்தான். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பில் காலம் தள்ளும் இன்ஜினியர் நான். எழுத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். விடுதி நாட்களின் கலாட்டாக்களை மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் இல்லை, நம் ஊர்க்காரரும் இல்லை. ஆனாலும் என் அப்பா இன்று காட்பாடி ஸ்டேஷன் வரை நடந்துபோய் பேப்பர் வாங்கி வருகிறார் என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அப்பா நோயாளி; குடும்பத்தில் கஷ்டம். சிறு வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தார், அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில். அரியர் வைத்துத் தேறிய நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்!

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது ராமகிருஷ்ணா மிஷனில் சேர்ந்து துறவியாகிவிட ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவைசிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. ஒரு சட்டைக்காகப் பட்டத்தை இழந்தவர் அவர்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு நோய். ஸ்ப்ரூ என்று டாக்டர்கள் சொல்வார்கள். பழைய வைத்தியர்கள் கிரகணி என்பார்கள். சாதாரண வயிற்றுப்போக்கு போலத் தொடங்கும், ஆனால் நிற்காது. குடலின் உள்சுவர் அழற்சியால் தேய்ந்துவிடும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும், ரத்தம் சோகையாகும், ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் கொஞ்ச இடைவெளியில் இந்த நோய்க்கே பலியானார்கள். அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்து எழுந்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

ஆனால் மனசு அதில் நிற்கவில்லை. 1920களின் முற்பகுதியில், மாமனாரின் உதவியோடு பாஸ்டன் நகருக்குக் கப்பல் ஏறினார். 1919-ல் மணந்த மனைவியிடம் விடைபெற்றுப் போனவர்தான். அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. நம்மில் பலர் கல்ஃபிலும் அமெரிக்காவிலும் இருக்கிறோம். அந்த விடைபெறல் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். செலவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. 1925-ல் இருவரும் சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும்; நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உலகம் பூராவும் மாணவர்கள் இதைப் படித்தார்கள். நம்ம சுத்திகரிப்பு நிலைய லேபில் பாஸ்பேட் பார்க்கும்போது வருகிற நீலமும் இதே குடும்பம்தான்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைக்குள் தேடினார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் ட்ரைபாஸ்பேட். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். கண் இமைப்பது, மூச்சு விடுவது, இதயம் துடிப்பது எல்லாவற்றுக்கும் உடம்பு கொடுக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி. தான்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் அப்பாவுக்கு நிமோனியா. காய்ச்சலுக்குப் பட்டினிதான் மருந்து என்று நாங்களே முடிவுசெய்து, பத்து நாள் கஞ்சித் தண்ணி மட்டும் கொடுத்தோம். செய்தது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. பாய்லரை முழு வேகத்தில் ஓடவிட்டு, விறகை நிறுத்திவிட்ட மாதிரி. விறகு வராவிட்டால் உடம்பு வீட்டின் தூண்களையே உடைத்து எரிக்கும். தசைதான் அந்தத் தூண். தசைப் புரதத்தைக் கரைத்து, அதிலிருந்து கிருமியை எதிர்க்கும் புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கும். சாதாரணப் பட்டினியில் உடம்பு சிக்கனமாக இருக்கும். அழற்சியில் அந்தச் சிக்கனம் கிடையாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுத்தார்கள், ஆனால் ரொம்பக் கொஞ்சமாக. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்தவருக்கு வயிறார ஊற்றக் கூடாதா என்று டியூட்டி டாக்டர் அம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக லேப் ரிப்போர்ட்டைக் காட்டினார். ரத்தத்தில் பாஸ்பரஸ் 2.5-க்குக் குறையக் கூடாது; அப்பாவுக்கு 1.4. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் சுரக்கும். ஏ.டி.பி. தயாரிக்க ஒவ்வொரு செல்லும் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அது வற்றினால் மூச்சுத் தசையும் இதயமும் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் பாஸ்பேட்டும் தயமினும் ஏற்றி, உணவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். நான் தலைகுனிந்து வெளியே வந்தேன். ஏரேஷன் டேங்கில் பாக்டீரியாவுக்கு பாஸ்பரஸ் போதவில்லை என்று தினமும் கணக்குப் பார்த்து டி.ஏ.பி. போடுகிறவன், பெற்ற அப்பாவுக்கு அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அந்த ரிப்போர்ட்டின் எண்ணுக்குப் பின்னால் யார் என்று தேடியபோதுதான் சுப்பாராவ் கிடைத்தார்.

ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆராய்ச்சி இயக்குநரானார். சகோதரர்களைக் கொன்ற நோயின் கடனை அங்கேதான் தீர்த்தார் என்று சொல்ல வேண்டும். பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாரத்தால் தீர்வதை லூசி வில்ஸ் 1930களின் தொடக்கத்தில் காட்டியிருந்தார். அந்த மர்மப் பொருளான ஃபோலிக் அமிலத்தை 1945-ல் சுப்பாராவின் குழு செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கைகொடுத்தது. அதே ஆய்வுக்கூடத்தில் டக்கர் என்ற முதியவர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுதான் மூத்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மாத்திரையும் அங்கே பிறந்ததுதான். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் முதலில் புற்றுநோய்க்கு வந்தது. இன்று முடக்குவாத அழற்சியைத் தணிக்க வாரம் ஒருமுறை கொடுக்கிறார்கள், கூடவே ஃபோலிக் அமிலமும்!

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு இல்லை, பெரிய சொத்து இல்லை. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது.

அவர் மறைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1960களின் தொடக்கத்தில், நம்ம வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் மாதனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அந்த வேலை இடம்பெற்றது. இன்றும் ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் எழுதும் சீட்டில் இரண்டு மருந்துகள் இருக்கும்: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். இரண்டும் சுப்பாராவின் கூடாரத்திலிருந்து வந்தவை. பாலாற்றுக் கரைக்கு ஒருநாளும் வராதவர், இப்படி வந்து சேர்ந்தார்.

நண்பர்களே, நமக்கெல்லாம் பெற்றோர்களுக்கு வயசாகும் காலம் இது. வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்தால் பட்டினி போடாதீர்கள். பல நாள் சாப்பிடாமல் கிடந்திருந்தால், நீங்களாக அள்ளி ஊட்டவும் வேண்டாம். டாக்டரையும் உணவு ஆலோசகரையும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் என்ற வரியைப் பார்க்கும்போது, மூன்று தடவை மெட்ரிகுலேஷன் எழுதிய அந்த பீமவரத்துப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்பில் அனைவரும் நலமோடு கூடுவோம். வணக்கம்.