நனையாத மருந்து

கன்சாஸ் மாநிலத்து அபிலீன் பட்டினத்திலே, 1871ஆம் ஆண்டில், காலை வேளைகளில் அடுத்தடுத்துச் சில வெடியோசைகள் கேட்பதுண்டு. அவ்வோசைகளுக்குச் சண்டை எதுவும் காரணமன்று. பட்டினத்தின் காவலதிகாரி, தம் இரு கைத்துப்பாக்கிகளிலும் முதல்நாள் இட்டிருந்த மருந்தையும் குண்டையும் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பார். சுட்டு முடிந்ததும் துப்பாக்கிகளைத் துடைத்துப் புதுமருந்திட்டு, அதன் பின்னரே அன்றைய அலுவலைத் தொடங்குவார். அவரோடு பழகிய ஒருவர் தமது முதுமையில் எழுதிய கடிதங்களில் இவ்வழக்கத்தை நினைவுகூர்ந்துள்ளார். முதல்நாள் மழை பெய்ததா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டன்று. ஓரிரவு கடந்த மருந்தை நம்பி அவர் தெருவில் இறங்குவதில்லை.

அவ்வதிகாரியின் இயற்பெயர் ஜேம்ஸ் பட்லர் ஹிக்கொக். உலகம் அவரை வைல்ட் பில் என்றே அறியும். அவர் பெயரைக் கேட்டதும் திரைப்படங்களிற் காணும் குதிரைவீரனும் கண்ணிமைக்கும் பொழுதில் துப்பாக்கியை உருவும் கையுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால் உண்மையான ஹிக்கொக்கின் உயிர் தங்கியிருந்தது கையின் விரைவிலே மாத்திரமன்று. துப்பாக்கிக்குள் என்ன இடப்படுகின்றது, அஃது எத்தனை காலம் உள்ளே கிடக்கின்றது என்ற சிறிய கேள்விகளிலும் அது தங்கியிருந்தது. அக்கேள்விகளின் வழியே அவர் வாழ்வை நோக்குவது பயனுடையதாகும்.

ஹிக்கொக் 1837ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி இலினோய் மாநிலத்தில், இன்று ட்ரோய் குரோவ் என வழங்கும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை வில்லியம் ஒரு கமக்காரர். அடிமை முறையை வெறுத்தவர். தெற்கிலிருந்து தப்பியோடி வரும் நீக்ரோ அடிமைகளுக்கு அக்குடும்பத்தினர் மறைவிடம் அளித்தனர் என்பது அவ்வூர் வழக்கு. சிறுவயதிலேயே குறிபார்த்துச் சுடுவதில் வல்லவரென்று பெயரெடுத்த ஹிக்கொக், 1855ஆம் ஆண்டில் வீட்டை விட்டுக் கன்சாசுக்குப் புறப்பட்டார். அடிமை முறை அங்கே இடம்பெறுமா இல்லையா என்பதற்காக இரத்தம் சிந்தப்பட்ட காலம் அது. அடிமை முறையை எதிர்த்த அணியோடு அவர் சேர்ந்தார். 1858ஆம் ஆண்டில், இருபது வயதில், மொன்ரிசெல்லோ என்னும் ஊரின் காவலராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

அக்காலத்து அமெரிக்க எல்லைப்புறத்தில் ஒருவர் இடுப்பிற் கட்டிய கைத்துப்பாக்கி இன்றைய துப்பாக்கியைப் போன்றதன்று. வன்னிக் காட்டோரத்துக் கமக்காரர் இடியன் துவக்கு என்று சொல்லும் ஆயுதத்தை அறிந்தவர்களுக்கு அதனை விளக்குவது எளிது. இடியனில் ஒரு குழாய். ஹிக்கொக்கின் துப்பாக்கியிலோ சுழலும் உருளை ஒன்றில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டை வைத்து நெம்புகோலால் இறுக இடிக்க வேண்டும். ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கக் குண்டின் மேற் கொழுப்புப் பூசுவதும் உண்டு. இறுதியாக, அறையின் பின்புறத்துச் சிறு குழற்காம்பிலே கேப் என்னும் செப்புக் குமிழைப் பொருத்த வேண்டும். சுத்தி கேப்பை அடிக்கும், கேப்பின் தீ மருந்தைப் பற்றும், குண்டு பாயும்.

இவற்றுள் எந்த ஒன்று தவறினாலும் விசையை இழுத்தவன் கையில் வெறும் இரும்பே மிஞ்சும். கருமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. ஈரத்தை எளிதில் ஈர்ப்பது. மூடிய தகரத்தில் உலர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாதிருக்கும். அதே மருந்து துப்பாக்கியின் அறைக்குள் வியர்வையிலும் பனியிலும் கிடந்தால் நம்பிக்கைக்குரியதன்று. ஆகவே சேமிப்பைத் தகரத்தில் வைக்க வேண்டும். துப்பாக்கியில் இருப்பதை நாடோறும் புதுப்பிக்க வேண்டும். ஹிக்கொக்கின் காலை வழக்கம் இந்த அறிவிலிருந்தே பிறந்தது. அவ்வழக்கத்தில் இன்னொரு பயனும் இருந்தது. பழைய மருந்தை வெறுமனே கழற்றி எறியாமற் சுட்டே தீர்த்தமையால், நாளொன்றுக்கு ஒரு பயிற்சியும் அவருக்குக் கிட்டியது.

அவர் பெரிதும் விரும்பியது கொல்ட் கொம்பனியாரின் 1851ஆம் ஆண்டுக் கடற்படை மாதிரி. தந்தப்பிடியிட்ட இரு துப்பாக்கிகளைப் பிடி முன்னோக்கி நிற்க இடுப்பிற் செருகியிருப்பார். அதன் குழாய் .36 அங்குல அளவினது. குண்டின் நிறை ஏறத்தாழ 80 கிரெயின். அதாவது ஐந்து கிராம் அளவு. .44 அங்குலக் குண்டெறியும் பெரிய துப்பாக்கிகளும் அன்று கடைகளிற் கிடைத்தன. பெருங்குண்டின் அடி பலமானது. ஆனால் அதன் உதைப்பும் பெரிது, துப்பாக்கியின் பாரமும் அதிகம். சிறுகுண்டின் அடி குறைந்தது. ஆனால் சுட்ட கை விரைவிலே மீண்டும் குறிக்கு வரும். பெருங்குண்டு பிழைத்துப் போவதிலும் சிறுகுண்டு பிழையாது படுவதே மேல் என்பது அத்தெரிவின் உட்பொருள். நாடோறும் ஒரே ஆயுதம், ஒரே குண்டு, ஒரே மருந்து என்று பழகிய கை எதிர்பாராத கணத்திலும் தடுமாறுவதில்லை.

1861ஆம் ஆண்டு யூலை 12ஆம் திகதி நெபிராஸ்காவின் ரொக் கிறீக் நிலையத்தில் நடந்த சண்டையிலே மூவர் மாண்டனர். அதன் பின் உள்நாட்டுப் போரில் அவர் வடபகுதிப் படைக்கு வண்டியோட்டியாகவும் ஒற்றராகவும் பணிசெய்தார். போர் முடிந்த 1865ஆம் ஆண்டில், யூலை 21ஆம் திகதி, மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரச் சதுக்கத்திலே டேவிஸ் ரட் என்பவரோடு நேருக்கு நேர் நின்றார். சூதாட்டக் கடனுக்காக ரட் எடுத்துக்கொண்ட கைக்கடிகாரமற்ற காலத்துப் பைக்கடிகாரம் ஒன்றே பிணக்கின் மூலம். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 75 யார் தூரம். கைத்துப்பாக்கிக்கு அது மிக நீண்ட தூரம். இரு வெடிகளும் ஒருங்கே எழுந்தன என்பர். ரட்டின் குண்டு தவறியது. ஹிக்கொக்கின் குண்டு ரட்டின் மார்பைத் துளைத்தது. தற்காப்புக்காகச் சுட்டார் என்ற வாதத்தை ஏற்று யூரிமார் அவரை விடுவித்தனர்.

1867ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. ரொக் கிறீக்கில் அவர் தனியொருவராகப் பத்துப் பேரைக் கொன்றார் என அது எழுதிற்று. பொய் புகழாக மாறிற்று. புகழ் ஆபத்தாக மாறிற்று. வைல்ட் பில்லை வீழ்த்தியவன் என்ற பெயரை விரும்பும் எவனும் இனி எந்த நாளிலும் எந்தக் கதவு வழியாகவும் வரலாம். சஞ்சிகைக் கட்டுரையின் விலையை அவர் நாடோறும் மருந்தாகவும் ஈயமாகவும் செலுத்தி வந்தார்.

1869ஆம் ஆண்டில் அவர் ஹேய்ஸ் பட்டினம் அமைந்த எல்லிஸ் மாவட்டத்தின் ஷெரிப் ஆனார். அடுத்த தேர்தலிலே பதவியை இழந்தபோதிலும் அவ்வூருக்கு வந்துபோவதை விடவில்லை. 1870ஆம் ஆண்டு யூலையில் ஓர் இரவு, மதுச்சாலை ஒன்றில் ஏழாவது குதிரைப்படையைச் சேர்ந்த இருவர் அவரைத் தாக்கினர். ஒருவன் அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்தான். மற்றவன் துப்பாக்கியை அவர் காதருகே வைத்து விசையை இழுத்தான். சுத்தி விழுந்தது, வெடி எழவில்லை. அந்தக் கணத்தில் ஹிக்கொக் தம் துப்பாக்கியை விடுவித்துக்கொண்டு இருவரையும் சுட்டார். ஒருவன் மறுநாள் இறந்தான். பிறனொருவனின் பற்றாத மருந்து அவருக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. காலைதோறும் தாம் செய்து வந்தது வீண்வேலையன்று என்பதற்கு இதனிலும் கொடிய சான்று அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

1871ஆம் ஆண்டு ஏப்பிரலில் அபிலீன் நகரசபை மாதம் 150 டொலர் சம்பளத்தில் அவரைக் காவலதிகாரியாக நியமித்தது. ரெக்சாசிலிருந்து மாட்டுமந்தைகளை ஓட்டி வருவோர் மாதக்கணக்கான வழிநடையின் பின் கூலியைப் பெற்றுக்கொண்டு குடித்துக் கூத்தாடும் ஊர் அது. ஒக்டோபர் 5ஆம் திகதி இரவு, பில் கோ என்ற சூதாடி தெருவில் ஒரு வெடி தீர்த்தான். ஊருக்குள் ஆயுதம் தாங்குதல் தடைசெய்யப்பட்டிருந்தமையால் ஹிக்கொக் விசாரிக்க வந்தார். சில அடி தூரத்தில் நின்று கோ அவரை நோக்கிச் சுட்டான், குறி தப்பியது. ஹிக்கொக்கின் குண்டுகள் கோவின் வயிற்றிற் பாய்ந்தன. அந்நேரத்தில் இருளிலிருந்து துப்பாக்கியுடன் ஒருவன் ஓடி வந்தான். இன்னொரு பகைவன் என்றெண்ணித் திரும்பிய ஹிக்கொக் அவனையும் சுட்டார். வந்தவன் மைக் வில்லியம்ஸ், அவருடைய நண்பன், அவருக்கு உதவவென்று ஓடி வந்தவன்.

மருந்து உலர்ந்திருந்தது. கேப் பற்றியது. குண்டு குறியிலே பட்டது. ஆயுதத்தைப் பொறுத்த மட்டில் எந்தத் தவறும் நிகழவில்லை. பத்தாண்டுக் காலம் பயின்ற கை, பயின்றவாறே தன் வேலையைச் செய்து முடித்தது. தவறியது ஒன்றே: எதிரில் வருபவன் யாரென்று அறிதல். ஹிக்கொக் நண்பனின் உடலைத் தாமே தூக்கிச் சென்று மதுச்சாலை மேசையிற் கிடத்தினார் என்றும், ஈமச் செலவைத் தாமே ஏற்றார் என்றும் சொல்வர். டிசெம்பரில் நகரசபை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவ்விரவின் பின் ஹிக்கொக் துப்பாக்கிச் சண்டையில் வேறெவரையும் கொன்றதாகச் செய்தியில்லை.

எஞ்சிய ஆண்டுகள் இறங்குமுகமானவை. 1873ஆம் ஆண்டில் பவலோ பில்லின் நாடகக் குழுவிற் சேர்ந்து மேடையேறினார். நடிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. கண்பார்வை குன்றத் தொடங்கியது. ஆயுத உலகமும் மாறிக்கொண்டிருந்தது. மருந்தும் குண்டும் கேப்பும் ஒன்றாகப் பித்தளைக் கூட்டில் அடைபட்ட தோட்டாக்கள் பரவின. 1873ஆம் ஆண்டில் கொல்ட் கொம்பனி .45 அங்குலத் தோட்டாவுக்குரிய புதிய சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. ஈரத்தின் மீது ஹிக்கொக் நடத்திய அன்றாடப் போரைப் பித்தளைக் கூடு பெரும்பாலும் முடித்து வைத்தது.

1876ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி, சர்க்கஸ் நடத்தி வந்த அக்னெஸ் லேக் என்ற அம்மையாரை மணந்தார். கோடையிலே பொன் தேடிப் போனோரோடு டகோட்டாவின் டெட்வூட் சுரங்கப் பட்டினத்துக்குச் சென்றார். ஓகஸ்ட் 2ஆம் திகதி மதுச்சாலையில் சீட்டாட அமர்ந்தபோது, சுவரைச் சார்ந்த இருக்கை அவருக்குக் கிடைக்கவில்லை. அதில் இருந்தவரை இடம் மாறக் கேட்டும் அவர் மாறவில்லை. கதவுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். ஜாக் மக்கோல் என்பவன் பின்னால் வந்து தலையிற் சுட்டான். ஹிக்கொக்கின் கை இடுப்புக்குச் செல்லவே இல்லை. குண்டு அவர் தலையை ஊடுருவி, எதிரே இருந்த படகோட்டுத் தலைவர் ஒருவரின் மணிக்கட்டிற் புதைந்தது. தப்பியோடிய மக்கோல் வேறு சிலரையும் சுட முயன்றான் என்றும், அவன் துப்பாக்கியின் ஏனைய தோட்டாக்கள் வெடிக்கவில்லை என்றும் சொல்லப்படுகின்றது. அக்கதை மெய்யாயின், கெட்டுப்போன தோட்டாக்களிடையே கிடந்த ஒரேயொரு நல்ல தோட்டா ஹிக்கொக்கின் உயிரைக் குடித்தது. சுரங்கத் தொழிலாளரின் நீதிமன்று மக்கோலை விடுவித்தது. ஆனால் டெட்வூட் அப்போது லக்கோட்டா மக்களுக்குரிய நிலத்தில் அமைந்திருந்தமையால் அம்மன்று சட்டபூர்வமானதன்று எனக் கொள்ளப்பட்டது. மீண்டும் விசாரிக்கப்பட்ட மக்கோல் 1877ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி தூக்கிலிடப்பட்டான்.

இன்று அமெரிக்காவில் தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் தோட்டாவைத் தெரிவதிலும் சேமிப்பதிலும் கொள்ளும் கவலைகள் ஹிக்கொக்கின் கவலைகளுக்கு உறவானவையே. பயிற்சிக்கு விலை குறைந்த, செப்புறை போர்த்த குண்டுகளை வாங்குவர். தற்காப்புக்கு முனையிற் குழிவுள்ள குண்டுகளை வைப்பர். அவை உடலில் விரிந்து நிற்பதால், டெட்வூட்டில் நிகழ்ந்ததுபோல் அயலில் இருப்பவரைச் சென்று தாக்குவது குறையும். அவற்றிலும் ஒரு தொகையைத் தம் துப்பாக்கியிலே சுட்டுப் பார்த்த பின்னரே நம்புவர். சேமிப்பைச் சூடும் ஈரமும் அணுகாத இடத்தில் வைத்துப் பழையதை முதலிற் செலவிடுவர். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழாயறையில் ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் அமிழ்ந்து வெடியின் அழுத்தம் அளவு மீறும் என்பதால், அத்தகைய தோட்டாக்களை ஒதுக்கி விடுவர். கருவி மாறினாலும் காலைப் பணி முற்றாக மறையவில்லை.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். மறதிக்கு இடங்கொடாமை அதன் பொருள். மருந்தைப் பொறுத்தவரையில் ஹிக்கொக் அவ்வதிகாரத்துக்கு இலக்கியமாக வாழ்ந்தவர். எனினும் அவர் வாழ்வின் பெருந்துயரம் மறதியால் வந்ததன்று. உலர்ந்த மருந்து சுடுபவன் சொற்கேட்கும். எவனைச் சுடுவது என்பதை அது சொல்லித் தராது. டெட்வூட் மலைமேல் மொரையா இடுகாட்டிலுள்ள அவர் கல்லறையை இன்றும் பலர் சென்று காண்கின்றனர். அவரை அங்கே நினைப்பவர்கள் மைக் வில்லியம்சையும் ஒரு கணம் நினைப்பார்களாயின், அவ்விருவருக்கும் அது தக்க அஞ்சலியாகும்.