ஹொரேஸ் வெல்ஸ்

ஞானப்பல் முளைக்க இடமின்றி எலும்பினுள் புதைந்து கிடப்பின், அதனால் வரும் வேதனை சொல்லுந்தரமன்று. இன்று மருத்துவர் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, ஈற்றைக் கீறி, பல்லைத் துண்டுகளாக்கி எடுத்துவிடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ, நோயாளி அலற அலறக் குறட்டாற் பிடுங்குவதே வழக்கம். அக்கொடுமையை மாற்ற முனைந்தவர் ஹொரேஸ் வெல்ஸ்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1815-இல் பிறந்த அவர், ஹார்ட்போர்டு நகரிற் பல் மருத்துவராய் விளங்கினார். 1844 டிசம்பர் 10 அன்று அந்நகரில் கோல்டன் என்பார் சிரிப்பூட்டும் வாயுவைக் கொண்டு வேடிக்கை காட்டினார். அதனை நுகர்ந்த ஒருவர் தடுமாறி மோதிக் காலிற் காயமுற்றார். குருதி வழிந்தும் அவர் வலியை உணரவில்லை. கூட்டம் நகைத்தது, வெல்ஸோ சிந்தனையில் ஆழ்ந்தார்.

வாயு மிகுந்தால் யாது நேருமோ என்பதை அந்நாளில் எவரும் நன்கறியார். ஆயினும் மறுநாளே வெல்ஸ் தம்மைச் சோதனைக்கு உட்படுத்தினார். கோல்டன் வாயுவை அளிக்க, ரிக்ஸ் என்னும் நண்பர் வெல்ஸின் ஞானப்பல்லைப் பிடுங்கினார். வலி தெரியவில்லை!

1845 ஜனவரியில், பாஸ்டன் நகரில் மாணவர் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். வாயு போதாமையால் நோயாளி அலறிவிட்டார். அவையோர் எள்ளி நகையாடினர். மறு ஆண்டு, அவரிடம் பயின்ற மார்ட்டன் அதே நகரில் ஈதரைக் கொண்டு புகழெய்தினார். வெல்ஸ் குளோரோபாரத்தையும் தம்மீதே சோதித்துச் சித்தங்கலங்கி, 1848-இல் நியூயார்க்கில் மாண்டார். அப்போது வயது 33. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரது முதன்மையை ஒப்புக்கொண்டது 1864-இல்தான்.