சர்வர் வேலை பார்த்த ஜி.டி. நாயுடு

திருப்பூரிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் நல்லா பழக்கம். ஒன்று, 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். கோல்டுவின்ஸில் ஏறினால் பத்து கிலோமீட்டர் தள்ளி உப்பிலிபாளையத்தில் இறக்கிவிடும். இன்னொன்று, அந்தப் பாலத்துக்குக் கீழே வரும் ஹோப் காலேஜ் ஸ்டாப். அங்கே அப்படி ஒரு காலேஜே கண்ணில் படலையேன்னு நீங்களும் யோசிச்சிருப்பீங்க. இரண்டு பெயருக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஆர்டர், கட்டிங், பேக்கிங், பில் எல்லாமே ஒரே ஒரு சர்வரில் ஓடியது. அந்த சர்வர் இருந்தது மாடிப்படிக்குக் கீழே, தையல் செக்ஷனுக்கு ஒட்டின மாதிரி ஒரு சின்ன அறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது தானாக அணைந்துபோனது. மறுநாள் காலையில் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பணும். பேக்கிங் லிஸ்ட் சர்வருக்குள்ளே மாட்டிக்கிச்சு. மூடியைத் திறந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் பூரா பஞ்சு. திருப்பூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லியே தெரிய வேண்டியதில்லை. நம்ம ஊரில் பஞ்சு படியாத இடம் எது?

ஆனால் என்னை உறுத்தினது அந்தப் பஞ்சு இல்லை. அந்த சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டி சிப் உண்டு. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது அதன் முழுப்பெயர். சர்வரே அணைந்து கிடந்தாலும், பிளக்கில் கரன்ட் வரும்வரைக்கும் இது விழித்திருக்கும். ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது, பிராசஸர் எவ்வளவு சூடு, வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் தன் பதிவேட்டில் எழுதி வைக்கும். அதோடு பேச சர்வரின் பின்பக்கம் தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கும். அந்தப் போர்ட்டில் கேபிளே சொருகவில்லை. வாங்கின நாளிலிருந்தே சொருகவில்லை. மறுநாள் நான் கேபிளைச் சொருகி அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். ஃபேன் மெதுவாகிறது, ஃபேன் மெதுவாகிறது என்று பல நாளாக அது எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த வாரம்தான் எதேச்சையாக ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் படித்தேன். இந்தியாவின் எடிசன், கார் செய்தவர், பிளேடு செய்தவர் என்று ஸ்கூலில் படித்ததோடு விட்டிருந்தேன். இந்த முறை வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஓடும் மெஷினை எப்படிக் கவனிப்பது என்ற அதே சிக்கல்தான் அவருக்கும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் சூலூர் பக்கம் கலங்கல், விவசாயக் குடும்பம். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா தவறிவிட்டார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. வாத்தியார் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். அதை விடுங்க. முக்கியமான கதை ரட்ஜ் மோட்டார் சைக்கிள் கதை. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் 1912-ஆம் வருஷத்து ரட்ஜ் வண்டி ஒன்றை வைத்திருந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாகப் போவதை அதுவரை பார்த்திராத கிராமத்துப் பையனுக்கு அந்த ஆசை மண்டைக்குள் புகுந்துவிட்டது. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். ஆமாங்க, சர்வர்தான். நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் முதலில் இதுதானே! சுமார் மூன்று வருஷம் இலை போட்டு, பரிமாறி, காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கினவர் அதில் ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டார், திரும்ப மாட்டினார். எந்த உதிரி எதற்கு, எது தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் கையால் தெரிந்துகொண்டது அப்போதுதான். மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

நடுவில் திருப்பூர் வருகிறது. முதல் உலகப்போர் சமயத்தில் இங்கே பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம். அந்த தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் காசை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பினார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் நமக்கு நெருக்கமான பகுதி இதுதான். விலை எங்கேயோ ஏறி இறங்க, இங்கே ஒருத்தர் கையிருப்பு காலியாவது திருப்பூருக்கு இன்றைக்கும் புதுசு இல்லையே.

மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற கோவைத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பஸ் கிடைத்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். ஒரு பஸ் இருக்கும்போது கவலை இல்லை. ஸ்டீயரிங் அவர் கையில், இன்ஜின் அவர் காலடியில். ஏதாவது சத்தம் மாறினால் அந்த நொடியே தெரிந்துவிடும். சில வருஷங்களில் அதுவே யுனைடெட், சாரி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆகி (ஊர்க்காரர்களுக்கு யு.எம்.எஸ்.) பஸ்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இப்போது ஒரு பஸ் பழனியில், ஒன்று பொள்ளாச்சியில், ஒன்று எங்கேயோ நடுவழியில். முதலாளி கோவையில். போன் அபூர்வமாக இருந்த காலம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த இன்ஜின் சாகப் போகிறது, எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் செய்தது என்னவென்றால், தான் கூடவே இருந்திருந்தால் எதையெல்லாம் கவனித்திருப்பாரோ அதற்கெல்லாம் ஆளுக்கொரு கருவியை உட்கார வைத்தார். டிக்கெட் கொடுக்க ஒரு மெஷின். பஸ் ஸ்டாண்டில் பஸ் வரும் நேரம், கிளம்பும் நேரத்தைக் காட்ட ஒரு கருவி. இன்ஜினின் அதிர்வைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிக்க இன்னொன்று. இந்த மூன்றையும் நம்ம பாஷையில் யோசிச்சுப் பாருங்க. டிக்கெட் மெஷின் ஒரு பதிவேடு, யாரும் ஞாபகத்தில் இருந்து கணக்கு சொல்ல வேண்டாம். நேரம் காட்டும் கருவி இன்று நாம் ஹார்ட்பீட் என்று சொல்வதுதான், வர வேண்டிய நேரத்தில் வரவில்லையென்றால் எங்கேயோ கோளாறு. அதிர்வுச் சோதனை ஒரு சென்சார், உடைவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை.

ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கணும். சோதனைக்கு பஸ் டிப்போவுக்கு வந்தாக வேண்டும். பிஎம்சி அப்படி இல்லை, மெஷின் இருக்கிற இடத்திலேயே குடியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடி சர்வரை அணைத்து ஏற்றலாம், அதன் திரையையே இங்கே கொண்டுவந்து பார்க்கலாம். ஒவ்வொரு கம்பெனி சர்வரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேசாமல் பொதுவாகப் பேச ஐபிஎம்ஐ என்ற விதிமுறை 1998-இல் வந்தது. இன்டெல், ஹெச்பி, டெல், என்இசி நான்கு பேரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 2015-இல் ரெட்ஃபிஷ் வந்து அதைச் சுலபமாக்கியது. ஆனால் எந்த அளவு தாண்டினால் கத்த வேண்டும் என்று நம்பர் போட இன்றும் ஒரு ஆள் தேவை. பஞ்சு பறக்கிற அறையில் வைக்கும் சர்வருக்கும் பெங்களூர் டேட்டா சென்டரில் இருக்கும் சர்வருக்கும் ஒரே நம்பர் சரிவராது. ரட்ஜைப் பிரித்துப் பார்த்த கைக்குத்தான் எந்த அதிர்வு சாதாரணம், எந்த அதிர்வு ஆபத்து என்று தெரியும்.

நாயுடு இன்னொன்றும் செய்தார், யாரும் கைவைக்க முடியாத ஓட்டுப்பதிவு மெஷின். வெளியே தனியாக இருக்கும் மெஷினிடம் தப்பான ஆள் பேசினால் என்ன ஆகும் என்பதும் அவர் யோசித்த விஷயம்தான். பிஎம்சியின் பாஸ்வேர்டைக் கம்பெனியில் வந்தபடியே விட்டுவிட்டு அதை நேராக இன்டர்நெட்டில் மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அந்தப் போர்ட்டுக்குத் தனி நெட்வொர்க் வேண்டும். அது கிடைத்தால் சர்வரே கிடைத்த மாதிரி.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெல்லிய ஷேவிங் பிளேடு, பேட்டரியில் ஓடும் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் எடுத்தார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் எலெக்ட்ரிக் மோட்டார் உருவானது. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் தயாரானது, லைசென்ஸ் கிடைக்காமல் நின்றுபோனது. அந்தக் கார் ரோட்டுக்கு வந்திருந்தால் என்னென்ன ஆகியிருக்கும் என்று எங்க ஹாஸ்டலில் ஒரு ராத்திரி பூரா சண்டை போட்டிருக்கிறோம்.

1944-இல் பஸ் தொழிலிலிருந்து ஒதுங்கினார். அடுத்த வருஷம், 1945-இல், மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த மனுஷர் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் உருவாகக் காரணமாக இருந்தார். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் அது அவிநாசி ரோட்டில் ஆரம்பித்தது. ஹோப் காலேஜ் ஸ்டாப் அப்படி வந்த பெயர்தான். காலேஜ் பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய ஜிசிடி ஆகிவிட்டது, பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது. முதல்வராக இருந்த நாயுடுவுக்கு நான்கு வருஷப் படிப்பு பிடிக்கவில்லை. அது மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, பாதி காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார்.

இதில் நான் முழுசா அவர் பக்கம் இல்லை. நான்கு வருஷம் அதிகம் இல்லை, அந்த நான்கு வருஷத்தில் ஒரு சர்வரின் மூடியைக்கூடக் கழற்றாமல் டிகிரி வாங்க முடிகிறதே, அதுதான் என் வருத்தம். எங்க லேபில் ரேக்கைத் தொட அனுமதி கிடைக்க எனக்கு ஐந்தாவது செமஸ்டர் ஆகிவிட்டது.

நாயுடு 1974 ஜனவரி 4-இல் காலமானார், வயது எண்பது. அவர் சேர்த்துவைத்த கருவிகள் அவிநாசி ரோட்டில் இன்றும் கண்காட்சியாக இருக்கின்றன. போகும்போது மேம்பாலத்தில் ஏறிவிடாதீங்க, கீழ்ரோட்டிலேயே போங்க.

அந்த பனியன் கம்பெனி கதை பாக்கி இருக்கு. பேக்கிங் லிஸ்டைப் பழைய பேப்பர்களைப் பார்த்துக் கையால் எழுதி, கன்டெய்னர் மதியம்தான் கிளம்பியது. நான் இன்டர்ன்ஷிப் முடித்துக் கிளம்பின அன்றைக்கு சர்வரின் பின்னால் எட்டிப் பார்த்தேன். கேபிள் அப்படியே சொருகியிருந்தது. எச்சரிக்கை இப்போது சூப்பர்வைசர் அண்ணனின் மெயிலுக்குப் போகிறது. முதல் எச்சரிக்கை வந்ததும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அவரே ஃபேனைச் சுத்தம் பண்ணிவிட்டு எனக்கு போட்டோ அனுப்பினார்.