நோயுற்ற வைத்தியரின் தலைமை: மானிப்பாயில் சாமுவேல் கிறீன்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கரையோரத்தை வாரிச் சென்றபோது, இப்பகுதி வைத்தியசாலைகளில் கடமையாற்றிய பலரும் அதே ஊர்களின் மக்களாகவே இருந்தனர். தமது வீட்டார் உயிருடன் உள்ளனரா என்பதை அறியாத நிலையிலும் பிறருடைய காயங்களுக்கு மருந்திட வேண்டிய கடமை அவர்களுக்கிருந்தது. அச்சேவையை நாம் போற்றியிருக்கின்றோம். அதன் பின்னரான இரவுகளில் அவர்கள் உறங்கினரா என்று விசாரித்தோமா? 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியபோதும், எஞ்சியிருந்தோரின், விசேடமாக வைத்திய அத்தியட்சகர்களின், சுமை கூடியதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. தலைமைப் பொறுப்பிலுள்ள வைத்தியரின் உடல்நலம் அவருடைய சொந்த விடயம் என்றே நாம் கருதிவருகின்றோம். அது அவ்வாறன்று என்பதற்கு நமது தீவிலேயே 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு சான்றாக உள்ளது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயோர்க் நகரின் வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். 1845 இல் மருத்துவப் பட்டம் பெற்ற சாமுவேல், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. சமயம் பரப்பும் நோக்கமும் அவரது வருகையில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வாசலில் வந்து நின்ற நோயாளி எவரானாலும் அவருக்குச் சிகிச்சை கிடைத்தது.

மானிப்பாயில் அவருக்குக் காத்திருந்த வேலை ஒருவரால் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவில்லை. காலையில் மருந்தகம், பின்னர் சத்திரசிகிச்சை, இடையிடையே தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் அழைப்புகள், எஞ்சிய நேரத்தில் தமிழ்க் கல்வி. 1848 இலேயே மாணவர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கிவிட்டார். 1850 களில் யாழ்ப்பாணத்தைக் கொள்ளைநோய் தாக்கியபோது, சேலைன் ஏற்றும் வசதியோ, நோய்க்கிருமி பற்றிய அறிவோ இல்லாத அக்காலத்தில், வாந்திபேதியால் துவண்டவர்களிடையே அவர் நின்றார். இவ்வளவுக்கும் மத்தியில் உடலமைப்பையும் சுகாதாரத்தையும் பற்றிய நூலொன்றை 1852 இல் தமிழாக்கி வெளியிட்டார். குடும்பம் என்று எவரும் அருகிலில்லை. அவர் அப்போது மணமாகாதவர். தமையனாருக்கு எழுதப்பட்ட கடிதங்களே அவருக்குத் துணையாயிருந்தன.

பத்தாண்டுகள் அவ்வுடல் தாக்குப்பிடித்தது. 1857 இல் உடல்நலம் குன்றி அவர் தாயகம் திரும்பவேண்டியதாயிற்று.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அவர் இங்கு இருக்கவில்லை. அவருடைய வரலாற்றை எழுதுவோர் இவ்விடைவெளியை இரண்டொரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கோ அவரது வாழ்வின் மிக முக்கியமான பகுதி இதுவென்றே தோன்றுகின்றது. ஒரு வைத்தியரின் உடல் தளர்ந்ததும் ஒரு பிரதேசத்தின் மேலைத்தேய வைத்தியமே ஆட்டங்காணக்கூடிய நிலை இருந்ததென்றால், அது அவருடைய பலவீனம் மாத்திரமாகுமா? அவர்மீது அனைத்தையும் சுமத்திய அமைப்பின் பலவீனமும் ஆகும்.

1862 இல் மார்கரட் வில்லியம்ஸ் என்ற பெண்மணியை மணந்து, அவருடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். இம்முறை வந்தவரின் தலைமையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முதற்காலப் பகுதியில் ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்களுக்கு அரசாங்க உத்தியோகமும் நகரங்களும் கைநீட்டி அழைத்தன. கிராமத்திலேயே தங்கி, கிராமத்தாரின் மொழியில் பேசி வைத்தியம் செய்பவர்களே கிறீனுக்குத் தேவைப்பட்டனர். ஆகவே 1864 முதல் வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழில் நடத்தினார். அதற்குரிய நூல்கள் தமிழில் இல்லை. கலைச்சொற்களும் போதியளவு இல்லை. மாணவர்களையும் தமிழறிந்தோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் உண்டாக்கினார். சத்திரசிகிச்சை பற்றிய இரணவைத்தியம் 1867 இலும், கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கமான மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. சித்த வைத்தியத்தில் வழங்கிவந்த சொற்களை முதலில் தேடினார். அங்கு கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் இயலாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் ஏற்றுக்கொண்டார். நமது பகுதியில் பரிசாரியார் என்றும் யாழ்ப்பாணத்தில் பரியாரியார் என்றும் அழைக்கப்படும் சுதேச வைத்தியரின் வழக்கை அவர் புறக்கணிக்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நோய்வாய்ப்பட்ட அனுபவந்தான் இம்மாற்றத்தைத் தந்தது என்று அறுதியிட்டுக் கூற நான் முன்வரமாட்டேன். ஆனால் தன் உடல் எந்நேரமும் கைவிடக்கூடும் என்று ஒருமுறை கண்டுகொண்டவர், தான் இல்லாத நாளுக்காகவும் வேலை செய்வது இயல்பே. 1866-67 இல் பஞ்சமும் வாந்திபேதியும் ஒருசேர வந்து யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. அவ்வேளையில் மருந்துடன் கிராமங்களுக்குச் செல்ல, அவரிடம் பயின்றவர்கள் இருந்தனர். அவரிடம் பயிற்சி பெற்று வெளியேறிய வைத்தியர்களின் தொகை 60 க்கும் மேற்பட்டதாகும்.

இருந்தும் உடல் இரண்டாவது முறையும் தளர்ந்தது. 1873 இல் அவர் இத்தீவை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். மொழியாலும் நூலாலும் சுமையைப் பகிர்ந்தவர்கூடத் தன் உடலுக்கு உரிய ஓய்வைக் கொடுக்கத் தவறினார் என்பதே இதன் பொருள். மாணவர்கள் பெருகினரேயன்றி, அவருக்கு நிகரான பொறுப்பில் இன்னொருவர் அமர்த்தப்பட்டு, ஆண்டில் சில மாதங்களாவது அவருக்கு ஓய்வு கிடைத்திருந்தால், அவரால் மேலும் பல ஆண்டுகள் மானிப்பாயில் இருந்திருக்க முடியும் என்றே நினைக்கத் தோன்றுகின்றது.

அக்காலத்தில் இதனைத் தியாகம் என்றனர். இன்று மருத்துவ உலகம் வேறுவிதமாகப் பேசுகின்றது. உலக மருத்துவச் சங்கம் 2017 இல் ஜெனீவாப் பிரகடனத்தைத் திருத்தியபோது, உயர்தரச் சிகிச்சை வழங்கும் பொருட்டுத் தன்னுடைய உடல்நலத்தையும் பேணுவேன் என்ற உறுதியை வைத்தியர்களின் சத்தியப்பிரமாணத்தில் சேர்த்துக்கொண்டது. 2019 இல் உலக சுகாதார அமைப்பு, சீர்செய்யப்படாத வேலை அழுத்தத்தினால் ஏற்படும் பணிச்சோர்வைத் தொழில்சார்ந்த நிலையாகத் தனது நோய் வகைப்பாட்டில் விவரித்தது. சோர்ந்த வைத்தியர் நோயாளியின் சொல்லை முழுமையாகக் கேட்பதில்லை. அவர் அத்தியட்சகராகவும் இருப்பாராயின் தாதியரின் முறைப்பாடும் சிற்றூழியரின் குறையும் அவர் காதில் ஏறுவதில்லை. இரவுக் கடமையை எவ்வாறு பங்கிடுவது, விடுமுறையை யாருக்கு எப்போது கொடுப்பது என்பவற்றை அவர்தானே தீர்மானிக்கின்றார்? ஓய்வெடுக்காத தலைவரின் கீழ், ஓய்வு கேட்பதற்கே இளையவர் அஞ்சுவார். கல்முனையிலாயினும் கொழும்பிலாயினும் இதுவே நிலை.

கிறீன் வூஸ்டரிலுள்ள குடும்ப இல்லத்தில் இளைப்பாறினார் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். வேதியியல் பற்றிய கெமிஸ்தம் 1875 இலும், உடற்றொழிலியல் நூலான மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. மறு ஆண்டு, 1884 இல், அவர் காலமானார். தமிழர்களிடையே மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.