ஆணி பொறுக்கிய பஸ் முதலாளி

- கடைசி ஆண்டு டிப்ளமா மாணவன், இயந்திரவியல் துறை

நண்பர்களே, ஓசூரில் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. மொபெட்டில் இருக்கும், கம்பெனி பஸ்ஸில் இருக்கும், வேலைக்குப் போன நம் சீனியர்களின் சட்டைப் பையிலும் இருக்கும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார். அவர் கண்ணை மூடி எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஓசூரில் மொபெட் தொழிற்சாலை வந்ததை அவர் பார்க்கவே இல்லை. இருந்தாலும் இன்று ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஃபில்டரை, ஒரு போல்ட்டைக் கையில் எடுத்து நல்லதா கெட்டதா என்று பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு வகையில் வாத்தியார்தான்.

1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில். பிறகு ரயில்வே உத்தியோகம். அதற்கப்புறம் பேங்க் வேலை. அந்தக் காலத்தில் இதில் ஒன்று கிடைத்தாலே போதும் என்று ஊரே நினைக்கும். இவர் மூன்றையும் விட்டார். 1912-இல், 35 வயதில், மதுரையில் பஸ் விட ஆரம்பித்தார். மோட்டார் வண்டி என்றால் ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடிய காலம் அது. வண்டி சீமையிலிருந்து வர வேண்டும், உதிரி பாகமும் அங்கிருந்துதான் வர வேண்டும். நடு வழியில் வண்டி நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஆள் கிடைக்கும், ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்காது.

அப்படிப்பட்ட நிலையில் அவர் பஸ் நேரத்துக்கு வந்தது. பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எப்படி முடிந்தது? அதற்கும் ஒரு கதை உண்டு. அன்றைய ரோட்டில் மாட்டு வண்டிகள் அதிகம். லாடத்து ஆணிகள் ரோடெல்லாம் கொட்டிக் கிடக்கும். டயர் பஞ்சர் ஆகாமல் ஊர் போய்ச் சேர்வது பெரிய பாடு. அந்த ஆணிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்க ஏற்பாடு செய்தாராம். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது சாதாரண மெக்கானிக் வேலை. பஞ்சருக்குக் காரணமான ஆணியைத் தேடிப் போனதுதான் அவர் வேலை. நம்ம வகுப்பில் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று பாடம் எடுக்கிறார்களே, அதை அவர் புத்தகம் இல்லாமலே நடத்திக் காட்டினார்.

அடுத்த சோதனை 1939-இல் தொடங்கிய இரண்டாம் உலகப் போரில் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, ரேஷன். பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாரா? இல்லவே இல்லை. டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை உருவாக்கித் தயாரித்தார். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயு வரும். அதை இஞ்சினுக்குள் விட்டு வண்டி ஓட்டுவது. பெட்ரோல் தரும் சக்தி கிடைக்காது, மேட்டில் திணறும். ஆனாலும் வண்டி ஓடும்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது நண்பர்களே. கரி வாயு சுத்தமாக வராது. கூடவே பொடிச் சாம்பல் வரும், கொஞ்சம் தாரும் வரும். அது அப்படியே சிலிண்டருக்குள் போனால் ஆயிலோடு கலந்து அரைக்கிற பேஸ்ட் மாதிரி ஆகி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். ஆகவே எந்த கேஸ் பிளான்டுக்கும் உயிர் அடுப்பில் மட்டும் இல்லை, வடிகட்டியிலும் இருக்கிறது. தூசியைச் சுழற்றித் தள்ளும் சைக்ளோன், துணி, நார் என்று பல விதமாக வடிகட்டினார்கள். வடிகட்டி கெட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தெரிய வரும்போது இஞ்சின் போயிருக்கும்.

இன்றைய காரில் உள்ள ஆயில் ஃபில்டரும் இதே கதைதான். அவர் பஸ் விட ஆரம்பித்த 1912-இல் இஞ்சின்களில் சல்லடை இருந்தாலே பெரிது. அடிக்கடி ஆயில் மாற்றித்தான் சமாளித்தார்கள். 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள். இப்போது டப்பாவுக்குள் ரெசின் ஏற்றிய பேப்பர், மடிப்பு மடிப்பாக. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம். அதைவிடப் பல மடங்கு சிறிய தூசியே பேரிங்கைத் தேய்க்கும். அதைப் பிடிப்பதுதான் பேப்பரின் வேலை.

மோசமான ஃபில்டர் எப்படி இருக்கும்? வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே மடிப்பு குறைவாக இருக்கும். ரெசினை அவனில் சரியாக வேக வைத்திருக்க மாட்டார்கள். சூடான ஆயிலிலும் ஈரத்திலும் பேப்பர் தொய்ந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூடியோடு பேப்பரைச் சேர்க்கும் பசை விட்டுப் போனால் ஆயில் அந்த இடைவெளி வழியாகவே போய்விடும். பேப்பர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறக்கும். இஞ்சின் ஆயில் இல்லாமல் சாகக் கூடாது என்பதற்காக வைத்த வழி அது. ஆனால் அப்போது போவது வடிகட்டாத ஆயில். டிரைவருக்கு ஒரு சத்தமும் கேட்காது, ஒரு விளக்கும் எரியாது. வட்டிக்குக் கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவர் தலையில் ஒரு நாள் இஞ்சின் செலவு வந்து விழும். காரணம் சில ரூபாய்ப் பேப்பர் என்று அவருக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

சுந்தரம் அய்யங்கார் கதைக்கு வருவோம். பஸ்ஸோடு நிற்காமல் டயர் ரீட்ரெடிங், வாகன விற்பனை, சர்வீஸ் என்று விரிந்தார். வீட்டிலும் காலத்தை மீறி நடந்தார். மகள் சௌந்தரம் இளம் வயதில் விதவையானபோது மூலையில் உட்கார வைக்காமல் டெல்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்தப் பெண்தான் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையார். தொழிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அய்யங்கார், 1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் காலமானார்.

பிள்ளைகள் காலத்தில் சக்கரம், பிரேக், மின் உபகரணம், போல்ட் நட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனி எழுந்தது. 1972-இல் மதுரை பஸ்கள் அரசுடைமை ஆகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டனும், 2002-இல் டி.வி.எஸ். மோட்டாரும் பெற்றன. பஸ் போய்விட்டது, நேரத்துக்கு வர வேண்டும் என்ற பழக்கம் மட்டும் போகவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் டிப்ளமா முடித்ததும் ஏதாவது ஒரு வெண்டர் கம்பெனியில் ட்ரெய்னியாக இன்ஸ்பெக்ஷன் டேபிளில் நிற்கப் போகிறோம். மாதக் கடைசி, லாரி கேட்டில் நிற்கும். லாட்டில் பத்துப் பீஸ் வெட்டிப் பார்த்தால் இரண்டில் மடிப்பு ஒட்டியிருக்கும். கையெழுத்துப் போடு தம்பி, போகட்டும் என்று மேலே இருந்து சொல்வார்கள். வேலை நிரந்தரம் இல்லை, வீட்டில் நம் சம்பளத்தை எதிர்பார்த்திருப்பார்கள். அது லேசான நேரம் அல்ல. வீரவசனம் எதுவும் வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி ரிப்போர்ட்டில் எழுதினாலே போதும். அப்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் விடும் ஆணி ஏதோ ஒரு ரோட்டில், முகம் தெரியாத ஒருவர் வண்டிக்கு முன்னால் கிடக்கும். அதை அங்கே பொறுக்க ஆள் இருக்காது. நம் மேஜையிலேயே பொறுக்கிவிடுவோம்.